மழைக்கு முன் ஒரு நோட்டு: வேப் எனும் மின் சிகரெட்டை நிறுத்தி, தடுப்பூசி போட்டு, தெருவின் மூச்சைக் காக்கும் வழி

எங்கள் தெருவில் இந்த வேலை ஒரு 40 பக்க நோட்டில் ஆரம்பித்தது. நோட்டு யோசனை எங்களுடையது அல்ல. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கும் கிராமத்து மக்கள் 2004-லேயே அதைச் செய்து காட்டினார்கள். நாற்றம் எத்தனை மணிக்கு வந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, கண் எரிந்ததா, தொண்டை கரகரத்ததா என்று தேதி போட்டு எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைத்திருந்ததால்தான் அதிகாரிகள் முன்னால் நாளையும் நேரத்தையும் சொல்லிப் பேச முடிந்தது. மூச்சு விஷயத்தில் மக்களே கணக்கு வைக்கலாம் என்பதை நான் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

நான் கடலூர் முதுநகரில் பள்ளி ஆசிரியை. மருத்துவம் படித்தவள் அல்ல. என் அக்கா மகன் புதுச்சேரிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். ஒரு தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது அவன் சட்டைப் பையில் ஹைலைட்டர் பேனா போல ஒரு வேப் இருந்தது. மாம்பழ வாசனை அடித்தது. "சித்தி, இது வெறும் ஆவி சித்தி. நாம சளிக்குப் பிடிக்கிற மாதிரிதான்" என்றான். அதே வாரம் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். எங்களுக்கு நான்கு நாளில் விட்டது. அவனுக்கு இருமல் ஒரு மாதம் இழுத்தது. ஏற்கெனவே இளைப்புள்ள அவனுடைய ஆயாவுக்கு நிமோனியா ஆகி, ஆக்சிஜன் வைக்க வேண்டி வந்தது. ஆயாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டிருக்கவில்லை. அப்படி ஒன்று உண்டென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இவை இரண்டும் ஒரே வேலை. ஒட்டு ஒட்டாக வீடுகள் இருக்கும் தெருவில் ஒருவரின் இருமல் அவரோடு நிற்பதில்லை. வேப் இழுக்கிற பிள்ளையையும் ஊசி போடாத பாட்டியையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரையும் கோட்டை விட்டுவிடுவோம். எனவே இதைத் தெருவாகச் செய்யுங்கள், ஐப்பசி அடைமழைக்கு முன் செய்து முடியுங்கள். மாத வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன்: அது ஆவி அல்ல

பிள்ளைகளிடம் பேசுவதற்கு முன் நாம் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வென்னீரில் நொச்சி போட்டுப் பிடிக்கிற ஆவி தண்ணீர்தான். வேப்பில் இருப்பது புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் சேர்ந்த ஒரு திரவம். உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகி அந்தத் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக்குகிறது. சூட்டில் ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் ரசாயனங்கள் உருவாகின்றன. கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் சேர்ந்து வரலாம். இவை தொண்டையோடு நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகிற அளவுக்குச் சிறியவை.

நம் மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்க மெல்லிய மயிரிழைகள் உண்டு. இரவு பகலாக அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் மேலே தொண்டைப் பக்கம் பெருக்கித் தள்ளுவது அவற்றின் வேலை. நிக்கோட்டினும் வேப் திரவமும் அந்த அசைவை மந்தமாக்குகின்றன. பெருக்காத வாசலில் குப்பை சேர்வது போலச் சளி உள்ளேயே தங்குகிறது, கிருமிக்கும் இடம் கிடைக்கிறது. தடுப்பூசியின் வேலை வேறு. வரப்போகிற கிருமியின் அடையாளத்தை உடம்புக்கு முன்கூட்டியே காட்டி வைக்கிறது. வாசலைப் பெருக்குவதும் வேண்டும், காவல்காரனுக்குத் திருடனின் முகத்தைக் காட்டி வைப்பதும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் 2019-ல் வேப் இழுத்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு பரவலாக வந்தது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். அதில் இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளுக்கும் இதற்கும் வலுவான தொடர்பு தெரிந்தது. இழுத்தவர்களில் பலருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. நம் ஊரில் நிலைமை இன்னும் மோசம். 2019-லிருந்து மின் சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி, விளம்பரம் எல்லாமே நாடு முழுக்கத் தடை. அதனால் கிடைப்பது அத்தனையும் கள்ளச் சரக்கு, எந்தச் சோதனையும் பார்க்காதது. மேலே 2 சதவீதம் நிக்கோட்டின் என்று போட்டிருந்தாலும், நிக்கோட்டினே இல்லை என்று போட்டிருந்தாலும் நம்ப ஆதாரமில்லை.

ஆடி: தெருவைக் கணக்கெடுங்கள்

இரண்டு பேர் போதும். ஒருவர் பெண்ணாக இருந்தால் வீட்டுக்குள் உட்கார்ந்து பேச வசதி. அங்கன்வாடி அக்காவோ கிராம சுகாதாரச் செவிலியரோ கூட வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நர்சம்மாவுக்கு ஒவ்வொரு வீட்டுக் கைக்குழந்தையும் மனப்பாடம்.

நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். எழுத வேண்டியவை:

- 60 வயது தாண்டியவர்கள், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள்
- சர்க்கரை, இதய நோய், சிறுநீரக நோய், ஆஸ்துமா, நாள்பட்ட இளைப்பு உள்ளவர்கள்
- இன்ஹேலர் வைத்திருக்கிறார்களா, அதில் மருந்து மீதி இருக்கிறதா
- குழந்தையின் தடுப்பூசி அட்டை கையில் இருக்கிறதா, அடுத்த தவணை எப்போது
- 2 வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் யாராவது இருக்கிறார்களா

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட வேண்டாம். மறுநாளே அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

யார் வேப் இழுக்கிறார்கள் என்பதை மட்டும் இந்த நோட்டில் எழுதவே கூடாது. நோட்டு கை மாறும், தெருவில் பேச்சு கிளம்பும், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு யாரிடமும் வாய் திறக்காது. நானே ஒருமுறை வகுப்பில் பையைச் சோதித்து ஒரு மாணவனிடமிருந்து அதை எடுத்தேன். அந்த வருடம் முழுவதும் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்கு உதவும் வாய்ப்பை நானே அடைத்துக்கொண்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

கண்டுபிடிக்க வேறு வழி இருக்கிறது. பென்டிரைவ், லிப்ஸ்டிக், மார்க்கர் போன்ற உருவத்தில் புதுப் பொருள், குளியலறையில் பழ வாசனை, அடிக்கடி தாகம், காரணமில்லாத வறட்டு இருமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாடிக்குப் போவது, போக முடியாவிட்டால் சிடுசிடுப்பு. இதெல்லாம் இருந்தால் தனியாக, சாயங்கால நேரத்தில், நடந்துகொண்டே கேளுங்கள். "எத்தனை நாளா இழுக்கிற?" என்று கேட்பதைவிட "விடணும்னு எப்பவாவது தோணிச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகன் இரண்டாவது கேள்விக்குத்தான் வாய் திறந்தான். விட்டுப் பார்த்திருக்கிறான், இரண்டு முறை, யாருக்கும் தெரியாமல்.

ஆவணி: விடுகிற மாதம்

இங்கேதான் அதிக நேரம் பிடிக்கும். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதல் 7 நாள் எதையும் நிறுத்த வேண்டாம். விட விரும்புகிறவர் தனக்கென ஒரு சின்ன நோட்டு வைத்து, ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மூன்றே மூன்று எழுதட்டும்: மணி, இடம், மனநிலை. சிப்காட் மக்கள் நாற்றத்தை எழுதிய அதே முறை. ஒரு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். எங்கள் பையனுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரவு 11 மணிக்கு மேல் படிக்கும்போது, சனிக்கிழமை நண்பர்களோடு பீச் ரோட்டில் நிற்கும்போது என்று மூன்று முடிச்சுகள் இருந்தன. நாள் பூராவும் இழுப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவிழ்க்க வேண்டிய முடிச்சு மூன்றுதான் என்று தெரிந்ததும் அவனுக்கே தெம்பு வந்தது.

அந்த நோட்டில் இன்னொன்றும் தெரியும். காலையில் கண் விழித்து அரை மணி நேரத்துக்குள் இழுக்கிறார் என்றால் நிக்கோட்டின் பிடி பலமாக இருக்கிறது என்று பொருள். அவருக்கு மன உறுதி மட்டும் போதாது, மருத்துவ உதவி தேவைப்படும். இப்போது வரும் பாட்களில் (வேப்பில் மாட்டும் திரவக் குப்பிகளில்) நிக்கோட்டின் உப்பாக மாற்றப்பட்டிருக்கும். தொண்டையைக் காரமாக அடிக்காது, அதனால் அளவு தெரியாமல் உள்ளே போகும். 25 வயது வரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால் இளம் வயதில் இந்தப் பழக்கம் வேகமாக ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைக்கு ஒழுக்கமில்லை என்று திட்டுகிற பெற்றோர் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

எட்டாம் நாளுக்குள் விடும் தேதியைக் குறியுங்கள். பரீட்சை வாரம் வேண்டாம். புதுச்சேரிக்கு நண்பர்கள் கூட்டமாகப் போகிற சனி, ஞாயிறும் வேண்டாம். செவ்வாய், புதன் போல வேலை இருக்கிற, வீட்டில் ஆள் இருக்கிற நாள் நல்லது.

அதற்கு முன்பே தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணான 1800-11-2356-ஐ அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ஆலோசகர் கதையைக் கேட்டு, தேதியை நிர்ணயிக்க உதவி, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். பதற்றமும் தூக்கமின்மையும் அதிகமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணும் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு குரலிடம் உண்மையைச் சொல்வது பல பிள்ளைகளுக்குச் சித்தியிடம் சொல்வதைவிட எளிது.

டாக்டரிடம் போகும்போது மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தடைச்சட்டம் இருக்கிறதே, போலீஸ் வந்துவிடுமோ என்று ஒரு தாய் என்னிடம் பயந்து கேட்டார். சட்டத்தின் குறி விற்கிறவர், கடத்திவருகிறவர், சேமித்து வைக்கிறவர் மீது. விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிகிச்சைக்கு வந்த பிள்ளையின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை.

ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கத்தைப் பலர் தப்பாகத்தான் மெல்லுகிறார்கள். சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மென்றால் நிக்கோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும், ஏக்கம் அடங்காது. மெதுவாக மெல்ல வேண்டும். காரமோ சுருசுருப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி சில மெல்லல், மறுபடி ஒதுக்கல். ஒரு துண்டு ஏறக்குறைய அரை மணி நேரம் வரும். அதற்கு 15 நிமிடம் முன்னாலும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி, குளிர்பானம் கூடாது. 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்பதையும், மாத்திரை ஏதும் தேவையா என்பதையும் மருத்துவர் சொல்லட்டும். 18 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

விடும் நாளுக்கு முந்தின இரவு கையிலிருக்கும் வேப், பாட், சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவரச் சொல்லுங்கள். அவசரத்துக்கு ஒன்று என்று எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. திரவத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டவிடாதீர்கள். ஒரு குழந்தை அதை வாயில் வைத்தால் நிக்கோட்டின் விஷம், சிறிதளவு உள்ளே போனாலும் ஆபத்து. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, ஆகவே குப்பைத் தொட்டியில் வீசாமல், எரிக்காமல், மின்னணுக் கழிவு வாங்குகிற இடத்தில் சேருங்கள்.

பிறகு வருவது மூன்று கடினமான நாட்கள். இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். எரிச்சல், தலைவலி, பசி, தூக்கம் வராமை, படிப்பில் மனம் நிற்காமை எல்லாம் வரும். 2 முதல் 4 வாரத்தில் படிப்படியாகத் தணியும். ஏக்கம் அலை போலத்தான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய அலையும் கரைக்கு வந்ததும் உடைந்துவிடும். ஒவ்வொரு ஏக்கமும் 5 முதல் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுங்கள். ஒரு சொம்பு மோர், உப்பு தொட்ட நெல்லிக்காய், வறுத்த வேர்க்கடலை, நாலு தெரு தள்ளியிருக்கும் கடைக்கு நடை, ஒரு போன் அழைப்பு. எங்கள் வீட்டில் அந்த வாரம் முழுக்க மேசைமேல் ஒரு டப்பா பொட்டுக்கடலை இருந்தது. யாரும் காரணம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, டப்பா மட்டும் நிரம்பிக்கொண்டே இருந்தது.

நண்பர்கள் நீட்டும்போது என்ன சொல்வது என்பதை முன்னாலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். நீண்ட விளக்கம் தோற்றுவிடும். "வேணாம் மச்சான், வீசிங் வருது" என்றால் பேச்சு அங்கேயே முடியும். முதல் மாதம் அந்தக் கூட்டம் நிற்கிற டீக்கடையை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

வேப்பை விட்டு சிகரெட்டுக்கோ, பீடிக்கோ, வாயில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கோ மாறுவது விடுவதாகாது. அதேபோல் அப்பா திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டே மகனை விடச் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எடை இருக்காது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே தேதியைக் குறித்தார்கள். மகனைவிட அப்பாவுக்குத்தான் கூடுதல் சிரமம். ஆனால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டது வேறு எந்த ஆலோசனையாலும் கிடைத்திருக்காத பலம்.

நடுவில் ஒருமுறை இழுத்துவிட்டால்? அது சறுக்கல், அவ்வளவுதான். பழைய நாள் கணக்கை அழிக்காதீர்கள். எங்கே, எப்போது, யாரோடு என்று நோட்டில் எழுதி, அந்த இடத்துக்கு ஒரு புது ஏற்பாடு செய்துவிட்டு அன்றைக்கே திரும்ப ஆரம்பியுங்கள். பலர் ஒரே முயற்சியில் விட்டதில்லை. எங்கள் பையனுக்கு இது மூன்றாவது.

விற்கிற கடையைப் பற்றி ஒரு வார்த்தை. சண்டைக்குப் போக வேண்டாம். கடையின் இடம், தேதி, நேரம் குறித்து, நாலைந்து பெற்றோர் சேர்ந்து காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

புரட்டாசி: ஊசி மாதம்

ஃப்ளூ ஊசி போட்டபின் பாதுகாப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கும். ஆகவே புரட்டாசி பாதிக்குள் முடிப்பது கணக்கு.

குழந்தைகள் முதலில். தேசிய அட்டவணைப்படி பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி ஊசி. 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி, அதில் கக்குவான், தொண்டை அடைப்பான், நிமோனியாவுக்குக் காரணமான ஹிப் கிருமி ஆகியவற்றுக்கும் தடுப்பு உண்டு. நிமோனியாவை உண்டாக்கும் இன்னொரு கிருமிக்கான நிமோகாக்கல் ஊசி 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில். தட்டம்மை ருபெல்லா 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும். பிறகு 5, 6 வயதில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னிக்கான டிபிடி ஊக்குவிப்பு ஊசி. தட்டம்மையைத் தோல் நோய் என்று நினைக்கிறோம். அதில் குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் பின்னால் வரும் நிமோனியா. இவை எல்லாமே அரசு இடங்களில் இலவசம். தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். புதுச்சேரிக்காரர்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும், சிக்கலான நோயுள்ள குழந்தை என்றால் ஜிப்மர் மருத்துவமனை. ஒரு தவணை தவறிவிட்டால் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு வருடம் ஒரு ஃப்ளூ ஊசி. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று புதுப்பிக்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது. நோட்டில் குறித்திருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், இளைப்பு, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் எல்லோரும் முதல் வரிசை. செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், பிறக்கப்போகும் குழந்தைக்கும் முதல் சில மாதங்களுக்குப் பாதுகாப்பு சேர்கிறது. முதல்முறையாகப் போடும் 9 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 4 வார இடைவெளியில் 2 தவணை. 6 மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த ஊசி இல்லை. அதற்குச் சுற்றியிருக்கிற நாம் போட்டுக்கொள்வதுதான் காவல்.

நிமோகாக்கல் ஊசி 65 வயது தாண்டியவர்களுக்கும், அதற்குக் குறைந்த வயதில் நாள்பட்ட நுரையீரல், இதய, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், சிகரெட் பிடிப்பவர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. எந்த வகை ஊசி என்பதைப் பொறுத்து ஒரு தவணையோ இரண்டோ. எது பொருந்தும் என்று டாக்டரைக் கேளுங்கள்.

பெரியவர்களுக்கான இந்த ஊசிகளுக்குப் பெரும்பாலும் சொந்தக் காசுதான். எங்கள் தெருவில் ஆடியிலிருந்தே சீட்டுக் கட்டுவது போல வாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்தோம். முடியாத இரண்டு பாட்டிகளுக்கு மற்றவர்கள் பங்கு போட்டார்கள். மொத்தமாக 20 பேர் வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னதால் மருந்தும் தயாராக இருந்தது. மருந்துக் கடையில் நீங்களே ஊசி மருந்தை வாங்கி, வெயிலில் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள் அது. போடுகிற இடத்திலேயே குளிர்பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைக் கண்ணால் பாருங்கள், போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

பயத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ருபெல்லா ஊசி இயக்கம் நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் உண்டு. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும். அந்த வாரம் வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளைப் பார்த்து என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைப் பெற்றோர் பள்ளிக்கே அனுப்பவில்லை. மேடை போட்டுப் பேசியது பலிக்கவில்லை. பலித்தது வேறு. சத்துணவு அக்கா தன் பேரனை எல்லோர் முன்னாலும் முதலில் உட்கார வைத்தார். மறுநாள் அவன் ஓடி விளையாடியதை அம்மாக்கள் பார்த்தார்கள். இன்றும் அதையே செய்கிறேன். தெருவில் எல்லோரும் மதிக்கிற ஒரு ஆயா முதலில் போட்டுக்கொண்டால் பத்து துண்டுப் பிரசுரத்துக்குச் சமம்.

கேட்கிற கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். ஊசியால் ஃப்ளூ வருமா? வராது, அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கலாம். போட்டாலும் சிலருக்குக் காய்ச்சல் வருகிறதே? வரலாம். ஆனால் அது நிமோனியாவாகி ஆக்சிஜன் வரை போகிற வாய்ப்பு குறையும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மிகைப்படுத்திச் சொன்னால் முதல் சளியிலேயே நம் மேலிருக்கும் நம்பிக்கை போய்விடும். முன்பு ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்குள்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' புயல். 'தானே' புயல் அடித்தபின் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. இளைப்புக்காரர்கள் வீட்டில் கரண்டில் ஓடும் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) மட்டும் வைத்திருந்தால் அந்த நாட்களில் அது வெறும் பெட்டி. இன்ஹேலரும் அதோடு பொருத்துகிற ஸ்பேசரும் கரண்ட் கேட்காது. மழைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வாங்கி, பிடிக்கும் முறையைப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு வார மருந்து, தடுப்பூசி அட்டை, மருத்துவச் சீட்டு, சில முகக்கவசங்கள் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் பக்கம் மாட்டுங்கள். முகாமுக்குப் போனால் இருமுகிறவர்கள் ஜன்னல் பக்கம், கைக்குழந்தைகள் தள்ளி. வெள்ளம் வடிந்ததும் சுவரில் பூத்த பூஞ்சையைத் துடைத்துக் காயவிட்டபின்தான் இளைப்புள்ளவர் அந்த அறையில் படுக்கலாம்.

மூச்சு வாங்குவதால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, குழந்தைக்கு மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே குழிகிறது, பால் குடிக்க மறுக்கிறது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டுகிறது: இதில் ஒன்று இருந்தாலும் 108. கஷாயம் வைத்துப் பார்க்கிற நேரம் அதுவல்ல. வேப் இழுத்தவர் என்றால் அதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், பரிசோதனையின் போக்கே அதனால் மாறும்.

மார்கழி கடைசி

போகிக்கு முந்தின வாரம் வீடு வீடாக ஒரு சுற்று. டயர், பிளாஸ்டிக், பழைய வயர் எதுவும் தீக்குப் போகக் கூடாது என்று சொல்லி வையுங்கள். யார் வீட்டிலாவது மறந்துபோன வேப் பேனா இருந்தால் அதையும் அப்போதே வாங்கி மின்னணுக் கழிவில் சேருங்கள், பேட்டரி தீயில் வெடிக்கும். தெரு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்து, இன்னும் அட்டை நிறையாத குழந்தைகளின் பெயரைப் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு 9 மாத ஊசி தை இரண்டாம் புதன்கிழமை. அதை எழுதி வைத்தவன் என் அக்கா மகன்.